இடைவெளித் துண்டுக் கடைசல்

இடைவெளித் துண்டுக் கடைசல் என்பது, ஒரே அளவில் அறுத்த சிறு மரத்துண்டுகளை இடையிடையே இடம் விட்டு வட்டமாக அடுக்கி ஒட்டி, அந்த அடுக்கைக் கடைசல் பட்டறையில் சுழற்றி உளியால் உருக்கொடுக்கும் மரவேலை முறை ஆகும். கிண்ணம், பூச்சாடி, விளக்கு மூடி போன்றவை இம்முறையில் செய்யப்படுகின்றன. முடிந்த பொருளின் சுவரில் நூற்றுக்கணக்கான சிறு சன்னல்கள் இருக்கும். ஆங்கிலத்தில் இது 'ஓப்பன் செக்மென்டெட் டர்னிங்' எனப்படுகிறது. தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால் இக்கட்டுரையில் மேற்கண்ட பெயர் பயன்படுத்தப்படுகிறது.

இப்பொருளைப் பார்ப்பவருக்கு எழும் முதல் கேள்வி, பாதி வெற்றிடமாக உள்ள பாத்திரம் சுழலும்போது ஏன் சிதறவில்லை என்பதுதான். அதற்கான விடையைப் பள்ளி வடிவியலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். பசை நன்றாக இருந்தும் கணக்கு தவறினால் பொருள் நிற்காது. கணக்கு சரியாக இருந்தால் விரல் நகம் அளவுள்ள ஒட்டுப்பரப்பே போதுமானது.

கடைசலும் சொப்புச் சாமானும்

கடைதல் என்றால் ஒரு பொருளைச் சுழல வைத்து, அதன்மேல் உளியைப் பிடித்துச் செதுக்குதல். தச்சர் வேலையில் மரம் அசையாமல் இருக்க, உளி நகரும். கடைசலில் உளி ஏறக்குறைய ஓரிடத்தில் நிற்க, மரம் சுழலும். ஆகவே கடைசலில் கிடைக்கும் உருவம் எப்போதும் அச்சைச் சுற்றிச் சமமாக இருக்கும். கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம், சப்பாத்திக் கட்டை எல்லாம் இவ்வாறு பிறந்தவையே.

திருநெல்வேலிப் பகுதியில் கடைசல் என்றதும் நினைவுக்கு வருவது அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான். திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், தாமிரபரணியின் வடகரையில் உள்ள ஊர் இது. அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, அடுப்பு, குடம், செம்பு, கரண்டி என ஒரு வீட்டின் அடுக்களை முழுவதையும் குழந்தையின் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் கடைந்து, வண்ணம் ஏற்றி, ஓலைப்பெட்டியில் வைத்து விற்பது வழக்கம். திருவிழாக் கடைகளில் இவற்றை வாங்கி விளையாடாத குழந்தைகள் முந்தைய தலைமுறையில் குறைவு. முன்பு மஞ்சள் கடம்பு போன்ற மரங்களில் கடைந்தார்கள். இப்போது கிடைக்கும் பிற மரங்களும் பயன்படுகின்றன. இப்பொருள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. கர்நாடகத்தின் சன்னபட்டணா, ஆந்திரத்தின் எட்டிக்கொப்பாக்கா ஆகிய ஊர்களின் மரப் பொம்மைகளும் இதே கடைசல் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இப்பொம்மைகளின் வண்ணம் அரக்கினால் ஆனது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். சன்னபட்டணாவில் அதன்மேல் தாழை மடலை அழுத்தி மினுமினுப்பு ஏற்றுகிறார்கள்.

சொப்புக் கடைசலில் ஒரு பொருள் ஒரு கட்டையிலிருந்து வருகிறது. இடைவெளித் துண்டுக் கடைசலில் ஒரு பொருள் ஐந்நூறு துண்டுகளிலிருந்து வருகிறது. பட்டறையும் உளியும் ஒன்றே என்றாலும் வேலையின் வரிசை முற்றிலும் மாறுகிறது. அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்க்கலாம்.

ஒற்றைக் கட்டையின் எல்லைகள்

சிறு சொப்புக்கு ஒற்றைக் கட்டை மிகவும் ஏற்றது. பொருள் பெரிதாகும்போது மூன்று சிக்கல்கள் தோன்றுகின்றன.

முதலாவது, சேதாரம். 20 செ.மீ. வெளிவிட்டமும் 1 செ.மீ. சுவர்த் தடிமனும் கொண்ட நேரான பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். வெளி ஆரம் 10 செ.மீ., உள் ஆரம் 9 செ.மீ. அடிப்பகுதியை விட்டுவிட்டால், கட்டையில் 81/100 பங்கு சீவலாகப் போய்விடும். சுவராக மிஞ்சுவது 19 விழுக்காடு மட்டுமே.

இரண்டாவது, மரம் சுருங்குதலும் விரிதலும். மழைக்காலத்தில் வாசல் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதையும், பங்குனி வெயிலில் அதே கதவு தளர்வதையும் எல்லா வீட்டிலும் காணலாம். மரம் இழையின் நீளப்போக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குப்போக்கில்தான் மாறுகிறது. அதிலும் இரு திசைகளில் இரு அளவு. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் சுருங்கும். நன்றாக உலராத கட்டையில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் சில மாதங்களில் முட்டை வடிவம் பெறுவதும், விளிம்பில் வெடிப்பதும் இதனால்தான்.

மூன்றாவது, பெரிய கட்டை கிடைப்பதே அரிது. அகலமான, வெடிப்பில்லாத, உலர்ந்த கட்டைக்கு விலையும் அதிகம். ஆனால் தச்சுப் பட்டறைகளில் நிலை, கதவு, கட்டில் செய்தபின் மிஞ்சும் ரீப்பர்த் துண்டுகள் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகின்றன.

துண்டு ஒட்டிய கடைசல்

இச்சிக்கல்களுக்கு விடையாக வந்தது, துண்டுகளை ஒட்டி வளையமாக்கி, வளையங்களை அடுக்கிக் கடையும் முறை. இதை இடைவெளி இல்லாத வகை எனலாம். அமெரிக்காவில் பொழுதுபோக்காகவும் கலையாகவும் மரம் கடைபவர்களிடையே இது நன்கு வளர்ந்தது. அங்கு மரம் கடைவோர் சங்கம் 1986-இல் தொடங்கப்பட்டது. மால்கம் டிபெட்ஸ் எழுதி 2005-இல் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் செக்மென்டெட் வுட் டர்னிங்' இத்துறையினர் பரவலாகப் பயன்படுத்தும் நூல்.

இம்முறையில் ஒவ்வொரு துண்டும் இரு முனையிலும் சாய்வாக அறுக்கப்படும். ஒரு வளையத்தில் 12 துண்டுகள் என்றால், ஒரு துண்டுக்கு உரிய கோணம் 360 ÷ 12 = 30 பாகை. ஒவ்வொரு முனையின் சாய்வு அதில் பாதி, 15 பாகை.

இங்கே ஓர் இடர் உண்டு. ரம்பத்தின் கோணம் 0.25 பாகை மட்டும் தவறியதாகக் கொள்வோம். ஒரு வெட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 12 துண்டுகளில் 24 வெட்டுகள் உள்ளன. தவறுகள் கூடிக்கொண்டே போய்க் கடைசித் துண்டில் 6 பாகை ஆகிவிடும். 10 செ.மீ. ஆரமுள்ள வளையத்தில் அது 1 செ.மீ.க்கும் மேலான பிளவு.

மற்றொரு குறை ஒட்டின் தன்மையில் உள்ளது. துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் முகம், இழைகளின் குறுக்குவெட்டு முகம். அந்த முகம் பஞ்சு போலப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். இழை நீளவாட்டில் உள்ள பரப்புகளை ஒட்டுவதைவிட இந்த ஒட்டு வலிமை குறைந்தது. புகைப்படச் சட்டத்தின் மூலைகள் சில ஆண்டுகளில் மெல்லப் பிளந்து நிற்பதைப் பார்த்திருப்போம். அங்கும் இதே வகை மூட்டுதான்.

இடைவெளி விடும் முறை

இடைவெளித் துண்டுக் கடைசலில் பக்கத்துத் துண்டுகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒவ்வொரு துண்டும் தனக்குக் கீழே உள்ள இரண்டு துண்டுகளின் மேல் உட்கார்கிறது. அதற்கு மேலே இரண்டு துண்டுகள் உட்காரும்.

செங்கல் சுவரை நினைத்தால் இது எளிதில் விளங்கும். நல்ல கொத்தனார் ஒரு வரியின் மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரியின் மூட்டு வரவிடமாட்டார். மேல் செங்கல் கீழ்ச் செங்கல் இரண்டின் மேலும் பாதிப் பாதியாக ஏறி அமரும். மூட்டில் சாந்து வைக்காமல் இடம் விட்டுக் கட்டினால் காற்றும் வெளிச்சமும் வரும் சன்னல் சுவர் கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இத்தகைய செங்கல் சன்னல் சுவர்களைத் தம் கட்டடங்களில் நிறையப் பயன்படுத்தினார். அந்தச் சுவரை வட்டமாக வளைத்து, மரத்தில், விரல் அளவில் கட்டினால் அதுவே இடைவெளித் துண்டுக் கடைசல்.

இவ்வாறு இடம் விடுவதால் அழகோடு மூன்று நன்மைகளும் கிடைக்கின்றன.

1. வலிமை குறைந்த முனை ஒட்டு அறவே இல்லை. எல்லா ஒட்டும் மேல் கீழ்ப் பரப்புகளில், இழை நீளவாட்டில் அமைகிறது.

2. கோணத் தவறு கூடிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு துண்டும் வட்டத்தில் தனக்குக் குறித்த இடத்தில் வைக்கப்படுகிறது. வெட்டில் 0.25 பாகை தவறினால் ஒவ்வோர் இடைவெளியும் 0.5 பாகை மாறும், அவ்வளவே. 8 செ.மீ. ஆரத்தில் அது 0.7 மி.மீ.

3. மழைக்காலத்தில் துண்டு சிறிது பருத்தாலும் பக்கத்துத் துண்டோடு முட்டிச் சாய்மூட்டு பிளக்கும் நிலை இல்லை.

ஒட்டுப்பரப்பு குறைவது இதற்குக் கொடுக்கும் விலை. எவ்வளவு குறையலாம் என்பதைத்தான் அடுத்த கணக்கு சொல்கிறது.

ஏறி அமரும் அளவின் கணக்கு

ஒரு வளையத்தில் 24 துண்டுகள் வைப்பதாகக் கொள்வோம். ஒரு துண்டும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 360 ÷ 24 = 15 பாகை. இதில் மரத்துக்கு 11 பாகை, இடைவெளிக்கு 4 பாகை எனப் பிரிக்கிறோம்.

அடுத்த வளையத்தின் துண்டு, கீழுள்ள இடைவெளியின் நடுவுக்கு நேர் மேலே வரும். அத்துண்டின் 11 பாகையில் 4 பாகை வெற்றிடத்தின் மேல் நிற்கும். மீதி 7 பாகை இரு பக்கமும் சமமாகப் பிரிந்து, பக்கத்துக்கு 3.5 பாகை கீழ்த் துண்டுகளின் மேல் அமரும். இதை ஒரு விதியாக எழுதலாம்:

ஏறி அமரும் அளவு = (மரத்தின் பாகை – இடைவெளியின் பாகை) ÷ 2

8 செ.மீ. ஆரத்தில் 1 பாகைக்கு வில்லின் நீளம் சுமார் 1.4 மி.மீ. எனவே,

மரம்: 11 பாகை = 15.4 மி.மீ.
இடைவெளி: 4 பாகை = 5.6 மி.மீ.
ஏறி அமர்வது: பக்கத்துக்கு 3.5 பாகை = 4.9 மி.மீ.

4.9 + 5.6 + 4.9 = 15.4 எனக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடைந்து முடித்த சுவரின் தடிமன் 10 மி.மீ. எனில், ஒரு துண்டின் அடியில் உள்ள மொத்த ஒட்டுப்பரப்பு 1 சதுர செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. சுண்டுவிரல் நகத்தின் அளவு எனலாம்.

இப்போது இடைவெளியை மட்டும் கூட்டிப் பார்ப்போம். மரம் 9, இடைவெளி 6 என்றால் ஏறி அமர்வது 1.5 பாகை, அதாவது 2.1 மி.மீ. மட்டுமே. மரம் 7, இடைவெளி 8 என்றால் விடை எதிர்க் குறியில் வருகிறது. மேல் துண்டு கீழ்த் துண்டுகளைத் தொடாமலே இடைவெளிக்குள் விழுந்துவிடும் என்பது அதன் பொருள். எதிர்க் குறி விடைக்கு நடைமுறையில் என்ன அர்த்தம் என்று கேட்கும் மாணவருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

துண்டின் நீளத்தையும் இவ்வாறே காணலாம். முடிந்த ஆரம் 80 மி.மீ. வேண்டுமெனில் கடைவதற்கு 2 மி.மீ. கூட்டி 82 எனக் கொள்கிறோம். 2 × 3.1416 × 82 × 11 ÷ 360 = 15.74 மி.மீ. துண்டின் வெளிப்பக்கம் வளைவாக இல்லாமல் நேராக இருப்பதால், முக்கோணவியல்படி சரியான விடை 15.79. வேறுபாடு ஒரு மி.மீ.யின் இருபதில் ஒரு பங்கு. எனவே வில்லின் நீளத்தையே கொண்டு தொடங்கலாம்.

சுவர் புடைத்தும் ஒடுங்கியும் போகும் பாத்திரத்தில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஆரம் மாறும். துண்டுகளின் எண்ணிக்கையும் பாகையும் மாறுவதில்லை. நீளம் மட்டும் மாறும். ஆரம் 10 மி.மீ. கூடினால் துண்டின் நீளம் 1.92 மி.மீ. கூட வேண்டும்.

சுழலும் விசை

விசிறியடிக்கும் விசையில் துண்டுகள் பிய்ந்து போகாதா என்ற ஐயமும் எழலாம். பட்டறை நிமிடத்துக்கு 600 சுற்று சுழல்கிறது எனில், 8 செ.மீ. ஆரத்தில் உள்ள துண்டை வெளியே தள்ளும் விசை அதன் எடையைப் போல் சுமார் 32 மடங்கு. 1 கிராம் துண்டுக்கு 32 கிராம் எடை தொங்குவதற்குச் சமம். உலர்ந்த பசைக்கு இது மிகச் சிறிய சுமை. ஆனால் வேகத்தை இரட்டிப்பாக்கி 1200 சுற்று ஆக்கினால் விசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகி 129 கிராம் ஆகிறது. அதுவும் தாங்கக்கூடியதே.

உண்மையில் பொருளை உடைப்பது உளி இடிக்கும் இடி. இடைவெளியைக் கடந்து அடுத்த துண்டின் விளிம்பில் உளி மோதும்போது, 24 துண்டுள்ள வளையத்தில் ஒரு சுற்றுக்கு 24 இடிகள் விழுகின்றன. மழுங்கிய உளியோ ஆழமான வெட்டோ இருந்தால் ஓர் இடியே துண்டைப் பெயர்த்துவிடும்.

செய்முறை

வரைதல்: கட்டக் காகிதத்தில் பாத்திரத்தின் குறுக்குவெட்டை முழு அளவில் வரைய வேண்டும். வளையத்தின் தடிமன் 6 மி.மீ. எனில் 6 மி.மீ.க்கு ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டிலும் வெளி ஆரத்தையும் உள் ஆரத்தையும் அளந்து பட்டியல் இடலாம். சுவர் அதிகம் சாய்ந்தால் மேல் துண்டு கீழ்த் துண்டைவிட்டு வெளியே தள்ளி நிற்கும். அத்தகைய இடங்களில் ரீப்பரை அகலமாக எடுக்க வேண்டும்.

மரம்: நன்கு உலர்ந்த, கட்டியான மரம் தேவை. தேக்கு, வேம்பு, பூவரசு, வாகை, ரப்பர் மரம் ஆகியவை பொருந்தும். தேக்கில் எண்ணெய்த்தன்மை உள்ளதால் அறுத்த அன்றே ஒட்டுவது நல்லது. ரீப்பர்கள் எல்லாம் ஒரே தடிமனில் இழைக்கப்பட வேண்டும். கால் மி.மீ. வேறுபாடும் அடுத்த வரியை ஆட்டம் காணச் செய்யும்.

அறுத்தல்: வட்ட ரம்பத்தின்மேல் நகரும் பலகையில் இரண்டு தடுப்புக் கட்டைகளை எதிரெதிர்ச் சாய்வில் பொருத்தி, ரீப்பரை மாறி மாறி இரண்டிலும் வைத்து அறுப்பது எளிய வழி. அமெரிக்கக் கடைசல்காரர் ஜெரி பென்னட் பரப்பிய 'வெட்ஜி' என்ற அமைப்பு இது. இதில் ஒவ்வொரு தடுப்பின் கோணத்தையும் தனியே அளக்க வேண்டியதில்லை. துண்டின் முழுக் கோணத்துக்கு (நம் எடுத்துக்காட்டில் 11 பாகை) செய்த ஓர் ஆப்பை இரு தடுப்புகளுக்கும் நடுவே வைத்து இறுக்கினால் போதும். ஒரு முனையில் சிறிது கூடினால் மறு முனையில் அதே அளவு குறைந்து, கூட்டுத்தொகை சரியாகிவிடும்.

இடம் குறித்தல்: பட்டறையின் சுழல் தண்டில் சமமாகத் துளையிட்ட ஒரு வட்டத்தட்டைப் பொருத்தி, ஊசியால் பூட்டினால் வேண்டிய கோணத்தில் நிறுத்தலாம். ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு மாணவர்கள் இதை இண்டெக்ஸ் பிளேட் என அறிவார்கள். 24 துண்டுகளுக்கு 48 துளைகள் வேண்டும். முதல் வளையத்துக்கு இரட்டைப்படைத் துளைகள், அடுத்ததற்கு ஒற்றைப்படைத் துளைகள் என மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், மேல் துண்டு தானாகவே கீழ் இடைவெளியின் நடுவில் வந்து அமரும்.

ஒட்டுதல்: அடியில் இடைவெளி இல்லாத ஒரு வளையத்தை வைத்துத் தொடங்குவது வழக்கம். துண்டின் அடியில் வெள்ளை மரப்பசையைச் சிறிதளவு தடவி, வைத்து, லேசாகத் தேய்த்து அழுத்திச் சில விநாடிகள் பிடித்தால் பற்றிக்கொள்ளும். பசை கூடுதலானால் இடைவெளிக்குள் பிதுங்கி நிற்கும். உலர்ந்தபின் அதைச் சுரண்டி எடுப்பது கடினம். ஒரு வளையம் முடிந்து உலர்ந்ததும், தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளால் மேற்பரப்பை மட்டம் செய்த பின்னரே அடுத்த வளையத்தைத் தொடங்க வேண்டும்.

கடைதல்: முழு உயரமும் ஒட்டிவிட்டு உள்ளே கடையப் போனால் உளி எட்டாது. ஆகவே சில வளையங்கள் ஏறியதும் உட்பக்கத்தைக் கடைந்துவிட்டு மேலே தொடர வேண்டும். உளி கூர்மையாகவும் வெட்டு மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

அடிப்பலகை: அகலமான ஒற்றைப் பலகையை அடியாக வைத்து அதன்மேல் வளையத்தை இறுக ஒட்டினால், பலகை மழைக்காலத்தில் குறுக்கே விரிந்து வளையத்தைப் பிளந்துவிடலாம். அடியைச் சிறிதாக வைப்பது பாதுகாப்பானது.

மெருகு: வார்னிஷ் அல்லது மெருகெண்ணெயைத் தூரிகையாலோ தெளிப்பானாலோ பூசலாம். சொப்புச் சாமானுக்கு ஏற்றும் அரக்கு இதற்கு ஒத்துவராது. அரக்குக் குச்சி அழுந்தி உருகத் தொடர்ச்சியான பரப்பு வேண்டும்.

பாதுகாப்பு

சாதாரணக் கடைசலைவிட இதில் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. முழு முகத்தையும் மறைக்கும் காப்பு அணிய வேண்டும். பட்டறையை இயக்கும்போது பொருளுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். துணியால் துடைப்பது, மெருகேற்றுவது எதுவும் பொருள் சுழலும்போது கூடாது. துணி இடைவெளியில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தொங்கும் துண்டு, முந்தானை, தளர்ந்த சட்டைக் கை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சுழலும்போது இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாமல் பரப்பு வழவழப்பாகத் தோன்றும். அதை நம்பி விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. மரத்தூள் மூச்சுக்குள் போகாமல் முகக்கவசம் அணிய வேண்டும்.

சொப்புக் கடைசலுக்கு இது உதவுமா

பிளாஸ்டிக் பொம்மைகளின் வரவு, மரத்தின் விலை, அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போவது ஆகியவற்றால் மரச் சொப்புத் தொழில் சுருங்கிவருகிறது. சிறு துண்டுகளைக் கொண்டே பெரிய பொருள் செய்யலாம் என்பதால், இம்முறை ஒரு வழியாகுமா என்று கேட்பது இயல்பு.

மரக்கணக்கு சாதகமாக உள்ளது. 164 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. உயரமும் உள்ள ஒற்றைக் கட்டையின் கனஅளவு சுமார் 2,535 கன செ.மீ. அதே அளவுப் பாத்திரத்தை 20 வளையங்களில் 480 துண்டுகளால் செய்தால், சராசரித் துண்டு 13 × 14 × 6 மி.மீ. எனக் கொண்டு சுமார் 524 கன செ.மீ. ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் தூளாக்கும் 3 மி.மீ.யைச் சேர்த்தால் சுமார் 645. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மரம்தான் செலவாகிறது. அதுவும் கழிவுத் துண்டுகளிலிருந்தே எடுக்கலாம்.

நேரக்கணக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. ஒரு துண்டு ஒட்ட ஒரு நிமிடம் என்றாலும் 480 துண்டுகளுக்கு 8 மணி நேரம். இழைத்தல், அறுத்தல், மட்டம் செய்தல், கடைதல் இதில் சேரவில்லை. எனவே திருவிழாக் கடையில் குறைந்த விலைக்கு விற்கும் பொருளாக இது ஆக முடியாது. விளக்கு மூடி, அலங்காரச் சாடி போன்ற, ஒன்றிரண்டாகச் செய்து உரிய விலைக்கு விற்கும் பொருளாகவே ஆகலாம். சூடு குறைந்த எல்.இ.டி. விளக்கை உள்ளே வைத்தால் சுவரெங்கும் ஒளிக்கட்டங்கள் விழும்.

மேலும், இது சொப்புக்கு மாற்றாகவும் முடியாது. குழந்தை கடிக்கும், எறியும், மிதிக்கும். நகம் அளவு ஒட்டில் நிற்கும் துண்டு கழன்றால் அது வாய்க்குள் போகும். ஒற்றைக் கட்டையில் கடைந்த சொப்பில் அந்த ஆபத்து இல்லை. குழந்தைக்குக் கொடுக்க அம்பாசமுத்திரத்தின் பழைய முறையே சரியானது. ஆனால் உளியைப் பிடிக்கத் தெரிந்த கை எளிதில் கிடைப்பதில்லை. அந்தக் கை உள்ள ஊரில், பட்டறையின் ஓய்வு நேரத்துக்கும் கழிவு மரத்துக்கும் இன்னொரு பயன் உண்டு என்பது தெரிந்திருப்பது நல்லது.

மாணவர்கள் செய்து பார்க்க

பட்டறை இல்லாமலே இதன் அடிப்படையைச் சோதிக்கலாம். தேவையானவை: தடித்த அட்டை, கவராயம், பாகைமானி, கத்தரிக்கோல், பசை.

1. அட்டையில் 60 மி.மீ., 45 மி.மீ. ஆரங்களில் ஒரே மையத்தில் இரு வட்டங்கள் வரைக. இடைப்பட்ட வளையத்திலிருந்து 20 பாகை அளவுள்ள துண்டுகள் வெட்டுக. ஐந்து வளையங்களுக்கு 60 துண்டுகள் வேண்டும்.

2. மற்றோர் அட்டையில் அதே வட்டங்களை வரைந்து, 15 பாகைக்கு ஒன்றாக 24 கோடுகள் இட்டு, 1 முதல் 24 வரை எண் இடுக. கோடுகளை வட்டத்துக்கு வெளியேயும் நீட்டுக.

3. முதல் வளையத்தின் துண்டுகளை இரட்டை எண் கோடுகளின் மேல் நடுவாக வைத்து ஒட்டுக. இரண்டாம் வளையத்தை ஒற்றை எண் கோடுகளுக்கு நேராக ஒட்டுக. இவ்வாறே மாற்றி மாற்றி ஐந்து வளையங்கள் அடுக்குக.

இதில் மரத்தின் இடத்தில் அட்டை 20 பாகை, இடைவெளி 10 பாகை. விதிப்படி ஏறி அமர்வது 5 பாகை, அதாவது சுமார் 5.2 மி.மீ. அடுக்கு உறுதியாக நிற்கும்.

பிறகு துண்டுகளை 15 பாகையாக வெட்டி மீண்டும் செய்து பார்க்கவும். இடைவெளியும் 15 பாகை ஆகிவிடும். எவ்வளவு நல்ல பசை தடவினாலும் இரண்டாம் வளையத்தின் முதல் துண்டே நிற்காது. ஏன் என்பதை விதியில் எண்களை இட்டு நீங்களே கண்டுகொள்ளலாம்.